சீனக்குடாத் தாங்கிகளும் நமது வீட்டுக் கேன்களும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இல்லாதவர்கள் சேமித்து வைத்துவிட்டு இரவு சாப்பாட்டுக்குப் பிறகு வாசியுங்கள். வீட்டுக் கொல்லையில் பெற்றோல் கேன் வைத்திருப்பவர்கள் மட்டும் இப்போதே வாசித்தால் நல்லது.

11ஆம் தர வரலாற்றுப் பாடத்தில் இரண்டாம் உலகப் போர் வருகிறது. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைக்கு வந்ததைப் படிப்பித்துக்கொண்டிருந்தோம். அப்போது பின்வரிசையில் ஒரு மாணவன் எழும்பினான். "சேர், அண்டைக்கு ஒரு தாங்கிதான் எரிஞ்சதாம். இப்ப மிச்சம் எல்லாத்தையும் திருத்தி எண்ணெய் நிரப்பப் போறாங்களாம். அது பத்தினா நம்மட ஊர் என்ன ஆகும்?"

வகுப்பே சிரித்தது. ஆனால் அவன் கேட்டது சிரிப்புக்குரிய கேள்வி அல்ல. பாடப்புத்தகத்தில் அதற்குப் பதிலும் இல்லை. அன்றிலிருந்து கிடைத்த நேரத்தில் தேடித் தேடி வாசித்தோம். அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் அந்தத் தாங்கிகள் எப்படி அங்கே வந்தன என்று பார்ப்போம். பிரித்தானியக் கடற்படைக் கப்பல்கள் ஒரு காலத்தில் நிலக்கரியில் ஓடின. முதலாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் அவை எண்ணெய்க்கு மாறின. நிலக்கரியை மழையில் குவித்து வைத்தாலும் பெரிய நட்டமில்லை. எண்ணெயை அப்படி வைக்க முடியாது, அதற்குத் தாங்கி வேண்டும். லண்டனிலிருந்து சிங்கப்பூர் வரை கப்பல்கள் போகும் வழியெல்லாம் எண்ணெய் நிரப்பும் இடங்கள் வேண்டும் என்று கடற்படை திட்டம் போட்டது. அந்த வழியில் நமது குடா இயற்கையாகவே ஆழமானது, காற்றுக்கு மறைவானது. 1920களில் தொடங்கி 1930கள் வரை சீனக்குடாக் காட்டுக்குள் நூற்றுச் சொச்சம் உருக்குத் தாங்கிகள் எழும்பின. ஒவ்வொன்றும் 10,000 தொன்னுக்குக் குறையாத கொள்ளளவு. எல்லாவற்றையும் நிரப்பினால் ஏறத்தாழ 10 இலட்சம் தொன் எண்ணெய்! கரையோரம் கீழ்த்தொகுதி, காட்டுக்குள் மேல்தொகுதி என்று இரண்டு பிரிவு. மொத்தப் பரப்பு 800 ஏக்கருக்கு மேல்.

1942இல் ஒரு ஜப்பானிய விமானம் 91ஆம் இலக்கத் தாங்கியில் மோதியது. விமானி வேண்டுமென்றே மோதினான் என்பது அதிகம் சொல்லப்படும் கதை. சுடப்பட்டு விழுந்த விமானம் என்றும் சொல்கிறார்கள். தாங்கி ஏழு நாட்கள் எரிந்ததாகச் சொல்லப்படுகிறது. அதன் சிதைந்த இரும்பு இன்றைக்கும் அங்கே கிடக்கிறது. நமது மூத்தும்மா அப்போது சின்னப்பிள்ளை. "ஆத்துக்கு அங்கால கறுப்புச் சுவர் ஒண்டு எழும்பி நிண்டிச்சு மனே, பகல்லயும் கோழி அடைஞ்சிச்சு" என்று சொல்லுவா. மழை பெய்தபோது முற்றத்தில் எண்ணெய்ப் படலம் மிதந்தது என்றும் சொல்லுவா. சின்ன வயதில் அதை ஜின் கதை கேட்பது போலத்தான் கேட்டோம்.

ஏழு நாள் எரிந்த தாங்கிக்குப் பக்கத்திலிருந்த தாங்கிகள் ஏன் எரியவில்லை? மாணவனின் கேள்வியை விட முதலில் கேட்கவேண்டிய கேள்வி இது. 800 ஏக்கரை நூறால் பிரித்துப் பாருங்கள். தாங்கி ஒன்றுக்குச் சராசரியாக 8 ஏக்கர் வருகிறது. குண்டு விழும் என்று தெரிந்தே கட்டியவர்கள் அவர்கள். ஒன்று போனாலும் மற்றது நிற்கவேண்டும் என்று காட்டுக்குள் பரப்பி வைத்தார்கள். உள்ளே இருந்ததும் பெற்றோல் அல்ல. கப்பல் கொதிகலனுக்கு எரிக்கும் தடித்த எண்ணெய். 60 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாகும் வரை அது பற்றிக்கொள்ளும் ஆவியைக் கொடுக்காது. இடைவெளியும் எண்ணெயின் குணமும் சேர்ந்துதான் அன்று காப்பாற்றின.

எரிபொருளைத் தரைக்கு மேல் வைப்பதற்கான சட்டங்களின் வரலாறும் இந்த இரண்டில்தான் தொடங்குகிறது. வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? எந்தச் சூட்டில் பற்றும்?

அமெரிக்காவிலிருந்து பீப்பாய்களில் பெற்றோலியம் முதன்முதலில் 1861இல் லண்டனுக்குக் கப்பலேறிப் போனது. அடுத்த ஆண்டே பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டம் போட்டுவிட்டது. 1862ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி, குடியிருக்கும் வீட்டிலிருந்தோ சரக்குக் கட்டடத்திலிருந்தோ 50 யாருக்குள் 40 கலனுக்கு மேல் பெற்றோலியம் வைப்பதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். 50 யார் என்றால் ஏறத்தாழ 46 மீற்றர். 40 கலன் என்றால் சுமார் 180 லீற்றர். மோட்டார் வாகனமே பிறக்காத காலத்துச் சட்டம் இது. 2022இல் நமது பக்கத்துச் சில வீடுகளில் இருந்த கையிருப்பு அந்த 180 லீற்றரை நெருங்கியிருக்கும். அதற்குப் பிறகு வருவோம்.

அந்தச் சட்டத்தில் ஒரு வில்லங்கம் இருந்தது. எது ஆபத்தான எண்ணெய், எது ஆபத்தில்லாதது என்று எப்படி அளப்பது? திறந்த கிண்ணத்தில் எண்ணெயைச் சூடாக்கி, மேலே சுடரைக் காட்டி, எந்த வெப்பத்தில் பொறி பறக்கிறது என்று பார்த்தார்கள். காற்று அடித்தால் ஆவி பறந்துபோகும், அளவு மாறும். வியாபாரி அளந்தால் ஒரு கணக்கு, அரசாங்க அதிகாரி அளந்தால் இன்னொரு கணக்கு. பிரெட்ரிக் ஏபல் என்ற வேதியியலாளர் மூடிய கிண்ணத்தில் அளக்கும் கருவியைச் செய்தார். 1879ஆம் ஆண்டுச் சட்டம் அதையே அளவுகோலாக்கியது. திறந்த கிண்ணத்தில் 100 பாகை பரனைட் என்று இருந்த எல்லை, மூடிய கிண்ணத்தில் 73 பாகை ஆனது. 73 பாகை பரனைட் என்றால் ஏறத்தாழ 23 செல்சியஸ். லண்டனுக்கு அது கோடை நாள். நமக்கு? மார்கழி அடைமழையிலும் கிண்ணியாவில் அதைவிடச் சூடு. குளிர் நாட்டில் போத்தலுக்குள் அடங்கிக் கிடக்கும் எண்ணெய் நமது ஊரில் எப்போதும் விழித்திருக்கும். பெற்றோலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அது பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையிலேயே பற்றும் ஆவியைக் கொடுக்கும்.

இலங்கையிலும் 1887இல் பெற்றோலியக் கட்டளைச் சட்டம் வந்தது. ஆம், சீனக்குடாவில் முதல் தாங்கிக்கு ஆணி அடிப்பதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே. அந்தக் காலத்தில் இங்கே வந்தது லாம்பெண்ணெய்தான். ஒரு மரப்பெட்டிக்குள் இரண்டு தகர டின், டின்னுக்கு 19 லீற்றர் அளவு. எண்ணெய் முடிந்ததும் டின் தண்ணீர் அள்ளவும் நெல் அளக்கவும் கூரைக்கு அடிக்கவும் போகும். எரிபொருள் வந்த பாத்திரத்தையே வீட்டுப் பாத்திரமாக்கிய பழக்கம் நமக்கு அங்கிருந்துதான் ஒட்டியது என்று நினைக்கிறோம். இன்றைக்கு அதே வேலையை மஞ்சள் நிறச் சமையலெண்ணெய்க் கேன் செய்கிறது.

டின்னிலிருந்து தாங்கிக்கு மாறிய கதையில் ஒரு சம்பவத்தை நாம் மிகவும் இரசித்தோம். மார்க்கஸ் சாமுவேல் என்ற லண்டன் வியாபாரியின் 'மியூரெக்ஸ்' என்ற கப்பல் 1892 ஆகஸ்டில் ரஷ்ய மண்ணெண்ணெயை டின் இல்லாமல், கப்பலின் வயிற்றிலேயே ஊற்றிக்கொண்டு, சுயஸ் கால்வாயைக் கடந்து கிழக்கே வந்தது. பிற்காலத்து ஷெல் கொம்பனிக்கு வித்திட்டது இந்தப் பயணம்தான். கப்பல் வந்து சேரும் துறைமுகங்களில் எண்ணெயை இறக்கத் தரைக்கு மேலே பெரிய தாங்கிகள் வேண்டும். சிங்கப்பூரில் நகரத்துக்குள் தாங்கி கட்ட அதிகாரிகள் விடவில்லை, தீ பயம். சாமுவேலின் ஆட்கள் கரையிலிருந்து 5 கிலோமீற்றர் அளவு தள்ளியிருந்த புக்கோம் என்ற தீவைப் பிடித்து அங்கே தாங்கிகளைக் கட்டினார்கள். அந்தத் தீவு இன்றுவரை எண்ணெய்த் தீவுதான். "வேண்டாம்" என்று ஒரு நகர நிர்வாகம் சொன்ன ஒரு சொல், 130 ஆண்டுகளாக ஒரு நகரத்துக்கும் தாங்கிகளுக்கும் நடுவில் கடலாக நிற்கிறது.

கொலன்னாவையில் கதை மாறி நடந்தது. அங்கே தாங்கிகள் வந்தபோது சுற்றிலும் வெறும் நிலமும் சதுப்பும். பிறகு கொழும்பு வளர்ந்து வந்து தாங்கிகளைக் கட்டிப்பிடித்தது. துறைமுகத்திலிருந்து எண்ணெய் வரும் பழைய குழாய்களுக்கு மேலேயே வீடுகள் எழும்பின. 1995 ஒக்டோபர் 20இல் விடுதலைப் புலிகள் கொலன்னாவை, ஒறுகொடவத்தைத் தாங்கிகளைத் தாக்கியபோது அந்தப் புகையைத் தலைநகரம் முழுவதும் பார்த்தது. யார் செய்தார்கள் என்ற அரசியலை விட்டுவிட்டு, தாங்கிக்கும் படுக்கையறைக்கும் நடுவே எத்தனை மீற்றர் என்று மட்டும் பாருங்கள். சட்டம் தாங்கிக்காரனைத் தள்ளி நிற்கச் சொல்கிறது. பிறகு வந்து பக்கத்தில் வீடு கட்டுகிறவனை யார் தள்ளி நிற்கச் சொல்வது?

தூரத்துக்கு அடுத்தது வரம்பு. வயல்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒவ்வொரு தாங்கியைச் சுற்றியும், அல்லது ஒரு கூட்டம் தாங்கிகளைச் சுற்றியும், மண்ணாலோ கொங்கிரீட்டாலோ ஒரு வரம்பு கட்டவேண்டும். தாங்கி உடைந்தால் உள்ளே உள்ளது அத்தனையும் அந்த வரம்புக்குள் நிற்கவேண்டும். உள்ளே இருக்கும் மிகப் பெரிய தாங்கியின் கொள்ளளவைவிடப் பத்து வீதம் கூடுதலாக வரம்பு கொள்ளவேண்டும் என்பது பல நாடுகளில் கைக்கொள்ளப்படும் கணக்கு. மழைத் தண்ணீர் வடிய ஒரு வாய்க்கால் வால்வு இருக்கும். அது பூட்டியிருக்கவேண்டும். திறந்து விட்டுவிட்டு மறந்துபோனால், மடை திறந்த வயலில் தண்ணீர் கட்டியது போலத்தான்.

1926 ஏப்ரல் 7இல் கலிபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போ என்ற ஊரில் எண்ணெய்க் குதங்கள் மீது இடி விழுந்தது. ஐந்து நாள் எரிந்தது. தாங்கியின் அடியில் கிடக்கும் தண்ணீர் மேலே எரியும் எண்ணெயின் சூட்டால் கொதித்து ஆவியாகி, சோற்றுப்பானை பொங்குவது போல எரியும் எண்ணெயை வெளியே தள்ளியது. தீயிலிருந்து சுழற்காற்றுகள் கிளம்பின. அரை மைலுக்கு அப்பால் இருந்த ஒரு வீட்டை அவற்றில் ஒன்று தூக்கி எறிந்து, தகப்பனையும் மகனையும் கொன்றது. இறந்தது இருவர்தான், இருவருமே எண்ணெய்க் குதத்துக்கு வெளியே இருந்தவர்கள்.

இனிச் சொல்லப்போவதை நமது ஊரவர்கள் கொஞ்சம் நிதானமாக வாசிக்கவேண்டும். சீனக்குடாவுக்கு மிக நெருக்கமான கதை இதுதான், நடந்தது அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் என்றாலும்.

பிட்ஸ்பர்க் நகருக்கு அருகே மொனொங்கஹேலா ஆற்றங்கரையில் ஆஷ்லண்ட் எண்ணெய்க் கொம்பனி ஒரு தாங்கியைக் கட்டியது. கட்டியது என்பதைவிட, மீண்டும் கட்டியது என்று சொல்லவேண்டும். ஒஹாயோவில் 40 ஆண்டுகள் பாவித்த ஒரு தாங்கியைத் துண்டுகளாக வெட்டிக் கொண்டுவந்து, திரும்ப ஒட்டி நிறுத்தினார்கள். கொள்ளளவு 40 இலட்சம் கலன். புதுத் தாங்கியை எண்ணெய் ஊற்ற முன்னர் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிச் சோதிக்கவேண்டும். எண்ணெயைவிடத் தண்ணீர் பாரம் கூட, அதைத் தாங்கினால் எண்ணெயைத் தாங்கும். அவர்கள் அடியில் சில அடிக்கு மட்டும் தண்ணீர் விட்டுப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். 1988 ஜனவரி 2, குளிர் காலம். தாங்கி முதன்முறையாக டீசலால் ஏறத்தாழ முழுமையாக நிரம்பிய நேரம், பழைய உருக்கில் ஒட்டு விழுந்த இடத்துக்குப் பக்கத்திலிருந்த ஒரு சின்னக் குறை மேலிருந்து கீழ் வரை பிளந்தது. தாங்கி ஒரே மூச்சில் விரிந்துபோனது. எண்ணெய் ஒழுகவில்லை, அலையாக எழும்பியது. வரம்பு இருந்தது, அதன் மேலால் பாய்ந்து போனது! ஏழு இலட்சம் கலனுக்கு மேல் ஆற்றில் கலந்தது. ஆற்றுத் தண்ணீரைக் குடிப்பவர்கள் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர்.

நமது மாவட்டத்தில் 1986 ஏப்ரல் 20 அதிகாலை கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது ஞாபகமுள்ளவர்களுக்கு இந்த 'ஒரே மூச்சு' என்றால் என்னவென்று தெரியும். கட்டு கசியும்போது ஊரை எழுப்ப நேரம் இருக்கும். கட்டு போய்விட்டால் ஓடவும் நேரம் இல்லை. கந்தளாயில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் போனார்கள்.

அமெரிக்காவில் அதுவரை சட்டம் இல்லாமல் இல்லை. எண்ணெய் ஆற்றில் கலக்காமல் தடுக்கும் திட்டம் ஒவ்வொரு குதத்திலும் எழுதி வைத்திருக்கவேண்டும் என்று 1970களிலேயே விதி போட்டிருந்தார்கள். அந்த விதிகள் கசிவைப் பற்றியும் வரம்பைப் பற்றியும்தான் அதிகம் பேசின. தாங்கியின் இரும்பைப் பார்ப்பது யார் என்பது தெளிவில்லாமல் கிடந்தது. 1989இல் பென்சில்வேனியா மாநிலம் தரைக்கு மேலுள்ள தாங்கிகளுக்கும் கீழுள்ளவற்றுக்கும் சேர்த்துத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. பதிவு, அனுமதி, தகுதி பெற்ற பரிசோதகர், ஊரைப் பாதுகாக்கும் திட்டம் எல்லாம் அதற்குள் வந்தன. 1991இல் எண்ணெய்த் துறையே பழைய தாங்கிகளைப் பரிசோதிக்க, பழுதுபார்க்க, மீளக்கட்ட ஒரு தரநிலையை வெளியிட்டது. வெளிப்பக்கத்தை ஐந்து ஆண்டுக்குள் ஒரு தடவை தகுதியான ஆள் பார்க்கவேண்டும். அடித்தகடு எவ்வளவு தேய்ந்தது என்று கணக்குப் போட்டு, உள்ளே இறங்கிப் பார்க்கும் காலத்தைக் குறிக்கவேண்டும். இன்றைக்கு உலகின் பல பாகங்களில் அந்தத் தரநிலையைத்தான் பின்பற்றுகிறார்கள்.

இப்போது சீனக்குடாவுக்கு வாருங்கள். 1957இல் பிரித்தானியக் கடற்படை போனது. 1961இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் உருவானது. தாங்கிகள் அரசின் கைக்கு வந்தன. ஆனால் இவ்வளவு பெரிய குதம் இந்தச் சின்ன நாட்டுக்குத் தேவைப்படவில்லை, மேல்தொகுதியைக் காடு மூடியது. 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களில் இந்தத் தாங்கிகளுக்கும் ஓர் இடம் இருந்தது. 2003இல் இந்திய எண்ணெய்க் கொம்பனியின் இலங்கைக் கிளைக்குக் குத்தகை. 2022 ஜனவரி 6இல் புதிய உடன்படிக்கை: எஞ்சிய 99இல் 14 இந்தியக் கொம்பனிக்கு, 24 நமது கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த புதிய கொம்பனிக்கு. அதில் கூட்டுத்தாபனத்தின் பங்கு 51 வீதம்.

இதைப் பற்றி நமது ஊரில் நடந்த வாதமெல்லாம் யாருக்கு எத்தனை தாங்கி என்பதுதான். தேநீர்க் கடையில், கல்யாண வீட்டில், ஜும்ஆ முடிந்து வெளியே நின்று பேசுவதில், எல்லாம் இந்தியா, சீனா, அமெரிக்கா. 90 வயதுத் தாங்கி ஒன்றுக்கு எப்படி உயிர் கொடுப்பார்கள், விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிப் பார்ப்பார்களா, தடித்த எண்ணெய்க்குக் கட்டிய தாங்கியில் பெற்றோல் ஊற்றுவதென்றால் கூரையை மாற்றவேண்டாமா, இந்தக் கேள்விகளை ஒருவரும் கேட்டதாக நமக்கு ஞாபகமில்லை. கூரை சாதாரண விஷயம் இல்லை. எளிதில் ஆவியாகும் எண்ணெய்க்கு, எண்ணெயின் மேலேயே மிதந்து ஏறி இறங்கும் கூரை போடுவது 1920களிலிருந்து உள்ள வழக்கம். எண்ணெய்க்கும் கூரைக்கும் நடுவில் ஆவி சேர இடம் கொடுக்காது.

புதுத் தாங்கி, புதுக் கருவி என்றால் பயமில்லை என்றும் சொல்ல முடியாது. 2005 டிசம்பர் 11, ஞாயிறு அதிகாலை, இங்கிலாந்தின் பன்ஸ்பீல்ட். 912ஆம் இலக்கத் தாங்கிக்குப் பெற்றோல் வந்துகொண்டிருந்தது. மட்டம் காட்டும் கருவி மூன்றில் இரண்டு பங்கில் சிக்கி நின்றுவிட்டது. அதற்கு முந்திய மூன்று மாதங்களில் அதே கருவி 14 தடவை சிக்கியிருந்தது, தட்டிக் கொடுத்துத் தட்டிக் கொடுத்து ஓட்டியிருக்கிறார்கள். நிரம்பி வழியும் முன் தானாக நிறுத்தும் இன்னொரு சுவிட்ச் இருந்தது. அதன் நெம்பைச் சரியான நிலையில் பிடித்து வைக்க ஒரு சின்னப் பூட்டுப் போடவேண்டும். அந்தப் பூட்டு எதற்கு என்று அங்கே வேலை செய்தவர்களுக்கு யாரும் விளங்கப்படுத்தவில்லை, போடவும் இல்லை. இரண்டரை இலட்சம் லீற்றருக்கு மேல் குளம் வான் பாய்வது போலக் கூரையிலிருந்து வழிந்து, ஆவி மேகமாகி, காலை 6:01க்கு வெடித்தது. 43 பேர் காயம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை என்பதால் மட்டுமே மரணம் இல்லை. 2009 ஒக்டோபர் 29இல் ஜெய்ப்பூரில் அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. வால்வில் வேலை செய்யும்போது பெற்றோல் பீறிட்டது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆவி பரவியது. பிறகு வெடிப்பு. 11 உயிர்கள். தீயணைக்க வழியின்றி, தானாக எரிந்து தீரும்வரை 11 நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாணவனின் கேள்விக்கு இதுவரை தேடியதில் நமக்குக் கிடைத்த பதில் இதுதான்: தாங்கி பத்தினால் ஊர் என்ன ஆகும் என்பது, அதற்குள் என்ன ஊற்றுகிறார்கள், எவ்வளவு இடைவெளி விடுகிறார்கள், வரம்பு எவ்வளவு, பரிசோதனைக் கடதாசியில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. முதல் மூன்றைக் கண்ணால் பார்க்கலாம். நான்காவதைக் கேட்டுத்தான் வாங்கவேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நமக்கும் உரியதுதான். சீனக்குடா, வெள்ளைமணல், நாச்சிக்குடா, கிண்ணியா நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறோம். அறிக்கைகள் தமிழில் வேண்டும் என்றும் அதில் கேட்டிருக்கிறோம்.

இனி வீட்டுக் கேன்.

2022ஐ யாரும் மறக்கவில்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபா, அதுவும் கிடைக்காது. வரிசையில் இரண்டு நாள் படுத்திருந்தோம். பிறகு கியூஆர் வந்தது, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். அந்தக் காலத்தில் யார் வீட்டில் கேன் இல்லை? நமது வீட்டிலும் இருந்தது, மறைக்கவில்லை. சமையலறைக்குப் பின்னால், விறகுக்குப் பக்கத்தில், ஈரச்சாக்கால் மூடி. ஈரச்சாக்கு போட்டால் பயமில்லை என்று யார் சொன்னார்களோ!

ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு, பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில், கேனிலிருந்து மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் ஊற்றியிருக்கிறார்கள். முன் விறாந்தைக்குள். கரண்ட் இல்லை. குப்பிலாம்பு பக்கத்தில் இல்லை, அடுத்த அறையில், தரையில். அது போதும். பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு பாரம், மேலே போகாது, தரையோடு தரையாக ஊர்ந்து போகும். கதவிடுக்கால் நுழைந்து லாம்பைத் தேடிப் போய், நெருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த வழியே திரும்பும். ஊற்றியவர் சத்தம் கேட்டுத் திரும்பு முன்னமே கால் எரிந்தது. உயிர் பிழைத்தார். அவருடைய மகள் நமது பாடசாலைப் பிள்ளை. அவள் ஒரு தவணை முழுவதும் வரவில்லை.

ஒரு லீற்றர் பெற்றோல் முழுதும் ஆவியானால், ஒரு சின்ன அறையை நெருப்புக்குத் தயாரான காற்றால் நிரப்பப் போதும். அதனால்தான் பெற்றோல் ஷெட்டில் தாங்கியை மண்ணுக்குக் கீழே புதைக்கிறார்கள். கீழே சூடு குறைவு, காற்று இல்லை, வாகனம் மோதாது. கசிந்தால் கிணறு கெடும் என்பது அதன் விலை. பெரிய குதங்களை அப்படிப் புதைக்க முடியாது, ஆகவே தூரமும் வரம்பும் பரிசோதனையும். நமது வீட்டுக் கேனுக்குத் தூரமும் இல்லை, வரம்பும் இல்லை. பரிசோதகர் யாரென்றால் கோழிதான். சந்திக் கடையில் சோடாப் போத்தலில் ஊற்றி வெயிலில் அடுக்கி வைத்திருக்கிறார்களே, அதற்கும் இதே கதை. அவசரத்துக்கு நாமும் அங்கே வாங்கியவர்கள்தான், குற்றம் சொல்ல வாயில்லை.

கடற்றொழில் செய்யும் காக்காமார் கோபிக்கக்கூடாது. என்ஜினுக்கு மண்ணெண்ணெய் வைக்காமல் முடியாது என்று தெரியும். வைப்பதை வீட்டிலிருந்து தள்ளி, நிழலில், மூடி இறுக்கி, அடுப்பும் சிகரெட்டும் வராத இடத்தில் வையுங்கள். பெற்றோல் இருந்த கேனில் மண்ணெண்ணெயை ஊற்றி, அதை லாம்புக்கு எடுக்காதீர்கள். ஏபலின் கிண்ணத்தில் அந்தக் கலவையை வைத்தால் எந்தப் பாகையில் பொறி பறக்கும் தெரியுமா? கொஞ்சம் பெற்றோல் கலந்தாலே மண்ணெண்ணெயின் குணம் போய்விடும்.

போன கிழமை வகுப்பில் இந்தக் கதையையெல்லாம் சொல்லி முடித்து, வீட்டில் எரிபொருள் எங்கே இருக்கிறது, அடுப்பிலிருந்து எத்தனை காலடி என்று அளந்து வரச் சொன்னோம். கேள்வி கேட்ட அதே மாணவன் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினான். ஒரு படமும் கீறியிருந்தான்: வீடு, கிணறு, கோழிக்கூடு, மூன்று கேன்.

"ரெண்ட வாப்பா தோணிக்குக் கொண்டு போயிட்டாரு சேர். ஒண்டு இன்னும் கூட்டுக்குப் பக்கத்திலதான் இருக்கு."

அடுப்பிலிருந்து எத்தனை காலடி என்று கேட்டோம்.

"ஒம்பது. உம்மா நடந்தா பதினொண்டு."